கூடு விட்ட பெட்டிக்குக் காவல்

இன்றைக்கு உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகப்படுத்தப் போகிறேன். பெயர் பெட்டிக்காவலர். நான் வைத்த பெயர்தான், ஆனால் ஆளை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், அடுக்குமாடி வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் வால்வு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருப்பார், பள்ளிக்கூடத்தில் மைக் செட், பஞ்சாயத்து ஆபீசில் ஜெராக்ஸ் மெஷின், ரைஸ்மில்லில் மோட்டார் என்று ஏதோ ஒன்றை அவர் கை மட்டுமே ஓட்ட வேண்டும், அது நின்றுபோனால் ஊரே அவர் வருகிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும், அவர் வந்து உச்சுக் கொட்டி, "யார் இதைத் தொட்டது?" என்று முதலில் கேட்க வேண்டும். ரிப்பேர் அதற்கு அப்புறம்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்காவது தைரியம் உண்டா? தொடவே இல்லை என்றாலும் தொட்டவர் போலத்தான் முழிப்போம்.

எங்கள் பெட்டிக்காவலர் உமாபதி. புத்தூர்ப் பக்கத்துக்காரர். திருப்பதியில், பெயர் வேண்டாம், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாக சர்வர் அறைக்குப் பொறுப்பு. நான் அதே ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்‌ஷன். பெயர் சம்பத். பேப்பர் காலத்து ஆசாமி. எனக்கு ஒரு மேஜை, ஒரு இரும்பு பீரோ, அவ்வளவுதான் உலகம். அவருக்கோ ஏ.சி. போட்ட தனி அறை. மாடிப்படிக்குக் கீழே இருந்தாலும் தனி அறைதான். கதவில் மூன்று பாஷையில் போர்டு: தமிழில் 'தொடாதீர்', தெலுங்கில் 'முட்டுக்கோவத்து', இங்கிலீஷில் 'டோன்ட் டச்'. கதவையா, உள்ளே இருப்பதையா என்று எழுதவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நாங்கள் கதவையும் தொடுவதில்லை.

உள்ளே இருப்பது ஒரு பெட்டி. ஆஸ்பத்திரியின் மொத்த ஞாபகமும் அதில்தான். எந்த நோயாளிக்கு எந்தத் தேதியில் என்ன ரத்தப் பரிசோதனை, என்ன மருந்து, எல்லாமே. திருப்பதி கவுண்டர்களும் சித்தூர்க் கிளையின் கவுண்டர்களும் அந்த ஒரே பெட்டியைக் கேட்டுத்தான் பதில் சொல்லும். பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமை தோறும் புது எலுமிச்சம்பழம். யாராவது மலைக்குப் போய் வந்து லட்டு கொடுத்தால் முதல் துண்டு பெட்டியின் தலைமேல்தான். ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடத்தில் உமாபதியின் டிபன் பாக்ஸ். சித்திரை வெயிலிலும் அவர் தயிர் சாதம் புளித்து நான் பார்த்ததில்லை.

அவர் லீவு எடுக்கமாட்டார். எடுத்தால் ஆஸ்பத்திரி தாங்காது என்பது அவர் கட்சி. ஒருமுறை சொந்த மச்சான் கல்யாணத்துக்கு வேலூர் போனவர், தாலி கட்டுகிற நேரத்தில் எனக்குப் போன் போட்டு, "இன்னா சம்பத்து, சத்தம் எப்படி வருது?" என்று கேட்டார். மேளச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். அது கொஞ்ச நாளாக டொக் டொக் என்று உள்ளே நாக்கு தட்டிக்கொண்டிருந்தது. "வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் வரும். பழகிக்கணும்" என்பார்.

அது நின்றுபோகிற நாட்களும் உண்டு. அன்றைக்குத்தான் அவரைப் பார்க்கவேண்டும். கவுண்டரில் கூட்டம் கத்தும், டாக்டர்கள் பேனாவைத் தேடுவார்கள், இவர் அவசரமே இல்லாமல் இடுப்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். பத்து நிமிஷம் கழித்துக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். "பேசிட்டு வந்துட்டேன். இனிமே ஓடும்." அவ்வளவுதான் விளக்கம். உள்ளே என்ன செய்தார்? அணைத்துவிட்டு மறுபடி போட்டார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் வெளியே வரும்போது ஒரு நிமிஷம் எழுந்து நிற்கத் தோன்றும், பாருங்கள்.

அந்தக் கூட்டத்தில் எப்போதும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவர் முனுசாமி. நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் ரயிலேறி வந்து எங்களிடம் டயாலிசிஸ் செய்துகொண்டு போவார். ஆறு வருஷமாக எங்கள் நோயாளி. அவருடைய அக்கா மனோரமா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக முன்வந்திருந்தார். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதியும் கிடைத்துவிட்டது. அவர்கள் கேட்டது இரண்டு: ஆறு வருஷத்து ரிப்போர்ட் மொத்தமும் ஒன்று, கடைசியாக அக்கா ரத்தமும் தம்பி ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற ஒரு பரிசோதனை இன்னொன்று. பழைய ரிப்போர்ட்டைக் கேட்டபோதெல்லாம் பெட்டி பாதியில் மூச்சை விட்டுவிடும். முனுசாமி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார்.

"அண்ணா, இன்னைக்காவது ஆவுமா?" என்று என்னைக் கேட்பார்.

"உமாபதி உள்ளே பேசிக்கினு கீறாரு. இரு" என்பேன்.

கடைசியில் சூப்பரின்டெண்டென்ட் மேடத்துக்கே பொறுமை போய்விட்டது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற தாட்சாயணி என்ற இன்ஜினியரை வரவழைத்தார். சத்தியவேடு பொண்ணு. வந்தாள், பெட்டியின் சத்தத்தைக் கேட்டாள், முகம் மாறியது. "சார், இது வயசு சத்தம் இல்லை. உள்ள டிஸ்க் சாவப் போவுது" என்றாள்.

அவள் சொன்ன வைத்தியம் இதுதான். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற எல்லாவற்றையும், பெயர், முகவரி, நினைவு, பழக்கவழக்கம் எதுவும் விடாமல், அப்படியே எடுத்து வேறொரு புது மெஷினுக்குள் குடிவைத்துவிடலாம். அங்கே அதற்குத் தனியாக இரும்புப் பெட்டி கிடையாது; ஆனால் பழைய பெட்டியாகவே நடந்துகொள்ளும். கவுண்டரில் இருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. விர்ச்சுவல் மெஷின் என்று பெயராம். நம்மூர்ப் பாஷையில் கூடு விட்டுக் கூடு பாய்வது. சித்தர்கள் செய்தார்கள் என்றால் வாயைப் பிளந்து கேட்கிறோம். சத்தியவேட்டுப் பெண் செய்கிறேன் என்றால் ஆயிரம் கேள்வி.

கேள்வி கேட்டவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"ஏம்மா, பொட்டி இல்லாத சர்வர் எங்கனா கீதா? நாளைக்கு நின்னு பூட்டா எதைத் தட்டறது?"

"தட்டவே வேணாம் சார்."

"தட்டவே வேணாமா!" அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பெண்ணின் அறியாமைக்கு நாங்கள் சாட்சி சொல்லவேண்டும் என்பதுபோல. "பதினாலு வருசமா இதோட குணம் எனக்குத் தெரியும். மழை வந்தா ஒரு மாதிரி இருக்கும், பிரம்மோற்சவக் கூட்டத்துல ஒரு மாதிரி இருக்கும். அதெல்லாம் உன் மெஷினுக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம் சார். பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க, போதும்."

 ஒரு பெண்பிள்ளையின் வயசைக் கேட்டதுபோல் ஆகிவிட்டது அவருக்கு. "அது எங்கயும் எழுதி வெக்கலை. தலையில கீது" என்றார். சரி, எழுதிக் கொடுங்கள் என்றாள். முடியாது. மேடம் சொன்னார். முடியாது. கடைசியில் ஒரு சமரசம்: அவரே டைப் அடிப்பார், மற்றவர்கள் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். நாங்கள் ஆறு பேர், மேடம் உட்பட, சுவரைப் பார்த்து நின்றோம். அவர் கையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு விரலால் அடித்தார். மூன்று முறை தப்பு. நாலாவது முறை திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பித்த வேலை மாலை டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. நடுவில் பழைய பெட்டியின் மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு முந்திரிப்பருப்பும் நாலைந்து தலைமுறை எறும்பும் இருந்தன. பிரசாதம். பெட்டி அடிக்கடி நின்றதற்கு ஏதோ கிரகம் என்று உமாபதி சொல்லிக்கொண்டிருந்தார். கிரகம் வரிசையாக வெளியே போயிற்று.

புது மெஷினில் முனுசாமியின் பெயரைப் போட்டு ஒரு தட்டு. ஆறு வருஷமும் மூச்சுவிடாமல் பிரின்டரிலிருந்து வந்து விழுந்தது. மறுநாள் முனுசாமி அந்தக் கட்டைக் கையில் வாங்கினார். எடையைப் பார்ப்பதுபோல் இரண்டு முறை தூக்கிப் பார்த்தார்.  இனி பாக்கி அந்தக் கடைசிப் பரிசோதனை மட்டும்தான்.

தாட்சாயணி போகிறபோது பழைய பெட்டியை அணைத்தாள். அதன் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தாள். "ஒரு மாசம் இங்கயே கெடக்கட்டும். ஏதாவதுன்னா பார்த்துக்கலாம். அப்புறம் அழிச்சிடறேன். ஆனா சார், இதை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க. இதுக்கும் அதுக்கும் ஒரே பேரு, ஒரே அட்ரஸ்" என்று சொல்லி, 'இயக்க வேண்டாம்' என்று ஒரு சீட்டை அதன்மேல் ஒட்டினாள்.

அதாவது, பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக, உமாபதியைப் பார்த்து வேறொருவர் சொன்னார்: தொட்டுடாதீங்க.

அடுத்த வாரங்களில் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒன்றும் நிற்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. காலையில் வழக்கம்போல் சாவி போட்டுத் திறந்து, உயிர் போன பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். "எல்லாம் நல்லாத்தான் ஓடிக்கினு கீது. எப்பன்னா கவுக்கும். பாரு" என்பார். ஒரு ஆஸ்பத்திரி கவிழவேண்டும் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருக்கிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் நல்லவர்தான், யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். ஆனால் தான் இல்லாமல் ஒன்று நன்றாக ஓடுவது அவருக்குத் தாங்காது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

லீவுக்கு முந்தின நாளே ஆபீசில் பூஜை போட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஸ்கேன் மெஷினுக்கு மாலை, ஆம்புலன்சுக்குப் பூசணிக்காய், என் பீரோவுக்குக்கூட மூன்று பட்டை விபூதி. உமாபதி குளித்து, சரிகை வேட்டி கட்டி, தாம்பாளத்தோடு மாடிப்படிக்குக் கீழே போனார். புது மெஷினுக்குப் பூஜை போடலாமே? அது எங்கேயோ கண்ணாடி அலமாரிக்குள் நாலோடு ஐந்தாக இருக்கிறது. எந்த இடத்தில் பொட்டு வைப்பது? ஆகவே பழைய பெட்டிக்கே சந்தனம் வைத்தார். குங்குமம் வைத்தார். பிறகு, அணைந்து கிடக்கிற ஒன்றுக்குக் கற்பூரம் காட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை. செத்த வீட்டில் விளக்கேற்றுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார். சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அதோடு நிறுத்தினாரா? பூஜை நாளும் அதுவுமாக ஒயர் இல்லாமல் மூளியாக இருக்கக்கூடாது என்று, சுருட்டி வைத்திருந்த நெட்வொர்க் ஒயரை எடுத்து, அதன் மூக்குக்கும் ஒரு பொட்டு வைத்துச் செருகினார். டொக் டொக் என்று பழைய சத்தம் வந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு, மேஜை வேலையை முடித்துவிட்டு, சித்தூரில் சகலை வீட்டு விருந்துக்குப் பஸ் ஏறப் போய்விட்டேன்.

ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு கடிதத்தை இங்கே போடுவார், ஒன்றை அங்கே போடுவார். அதேதான் நடந்தது. பாதிக் கவுண்டர்கள் புது மெஷினோடு பேசின. பாதி, மூன்று வாரத்துக்கு முன்னால் காலண்டர் நின்றுபோன பழைய பெட்டியோடு பேசின. நேற்று வீட்டுக்குப் போன நோயாளி கட்டிலில் படுத்திருப்பதாகத் திரை சொல்லிற்று. சித்தூர்க் கிளையிலிருந்து போன்மேல் போன். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் லேபில் ஒரு டெக்னீஷியன், இரண்டு நாள் ஓடிய ஒரு பரிசோதனையின் முடிவைப் பதிவு செய்தார். முனுசாமியின் முடிவு. அது போய் விழுந்தது பழைய பெட்டியில்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அந்த முடிவு சென்னைக்கு மெயிலில் போகவேண்டும். போகாவிட்டால் ஆபரேஷன் தேதி வரிசையில் அடுத்தவருக்கு. முனுசாமியும் அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடம் தாட்சாயணிக்குப் போன் போட்டுக் கத்தினார். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "பழைய பொட்டியை யாராவது ஆன் பண்ணாங்களா?"

"யாரும் எதையும் தொடலை" என்றார் உமாபதி. சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஒயரைப் பிடுங்கி, சுவிட்சையும் ஒரே அடியாக அணைத்தார். டொக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. அந்த டிஸ்க் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வெளியே வந்தார், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு. கவுண்டர்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன.

"பேசிட்டு வந்துட்டேன்" என்றார். "நான் அப்பவே சொன்னேன்ல, பொட்டி இல்லாத சர்வரு வாணாம்னு."

கை தட்டினார்களாம். மேடம் உட்பட.

மறுவாரம் தாட்சாயணி வந்து ஒயரின் மூக்கில் காய்ந்திருந்த குங்குமத்தைக் காட்டினாள். "இன்னா சார் இது?" அவர் கொஞ்சமும் அசரவில்லை. "உயிர் இல்லாததுக்கு எப்படிம்மா பூஜை போடறது?" என்று திருப்பிக் கேட்டார்.  இதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?

சரி, முனுசாமியின் ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெட்டியோடு செத்துவிட்டதா? இல்லை. கதையை இங்கேயே முடித்துவிடத்தான் பார்த்தேன். எனக்கும் அதுதான் சௌகரியம். ஆனால் ஆரம்பித்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

லேப் ஒவ்வொரு முடிவையும் பேப்பரில் ஒரு பிரதி எடுத்து ரெக்கார்டு செக்‌ஷனுக்கு அனுப்பும். அது பழைய விதி. எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள், நான் மறக்கவில்லை. எனக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை கிடையாது. வருகிற ஒவ்வொரு தாளையும் என் பீரோவில், எனக்கு மட்டும் புரிகிற ஒரு வரிசையில், பல வருஷமாக அடுக்கி வைத்திருக்கிறேன். முனுசாமியின் முடிவு பதிவான கையோடு அதன் பேப்பர் பிரதியும் என் மேஜைக்கு வந்திருக்கிறது. பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் வழக்கம் மாறாமல் அதை உள்ளே வைத்துப் பூட்டினேன். என்ன தாள் என்று பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு லேபிலிருந்து போன். சகலை வீட்டில் அப்போதுதான் பாயசம் பரிமாறினார்கள்.

"சம்பத் அண்ணா, பீரோ சாவி எங்க கீது?"

"என் இடுப்புல கீது."

"பூட்டை உடைச்சிடட்டுமா? முனுசாமி பேப்பரு உள்ளதான் இருக்கணும். எங்க கிட்ட வேற பிரதி இல்லை, திரும்ப டெஸ்ட் பண்ணா ரெண்டு நாள் ஆவும். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது:

"ஐயோ, தொட்டுடாதீங்க! வரிசை கலைஞ்சிடும். நானே வந்து எடுத்துத் தரேன்."

பண்டிகைக் கூட்டம். இரண்டு பஸ் நிற்காமல் போயிற்று. மூன்றாவதில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி ஆறரை. பீரோவைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். அரை நிமிஷத்தில் தாள் வந்தது. அக்கா ரத்தமும் தம்பி ரத்தமும் ஒத்துப்போகிறது என்று போட்டிருந்தது. அங்கே நின்றிருந்த நாலு பேரும், "எப்படிண்ணா, இம்மாத் தாளுல டக்குனு எடுத்தீங்க!" என்று அதிசயித்தார்கள். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

முனுசாமி தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேதி அடுத்தவருக்குப் போய்விட்டது. புதுத் தேதி இரண்டு மாதம் தள்ளிக் கிடைத்தது. இரண்டு மாதம் என்றால் பதினேழு முறை நகரியிலிருந்து ரயில், பதினேழு முறை ஊசி. அக்காவும் அதுவரை பத்தியச் சாப்பாடு. பெஞ்சிலிருந்து எழுந்து என்னைப் பார்த்து, "உங்களை ரொம்ப சிரமப்படுத்திட்டோம் அண்ணா, பண்டிகை நாளுல" என்றார். உமாபதியைக் கேலி செய்து இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இன்றுவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பீரோவுக்கு இன்னொரு சாவி போட்டு மேடத்திடம் கொடுத்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். போடவேண்டும், போடுவேன். வரிசையை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? வரட்டும். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் நின்றுபோனால் எந்தச் சுவிட்சைத் தட்டவேண்டும் என்று வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்? இன்ஷூரன்ஸ் தாள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று? அவர்களுக்கு ஏன் சொல்லவில்லை? கலைத்துவிடுவார்கள், அதுதானே?

பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அப்புறம் உங்கள் இடுப்பைத் தடவிப் பாருங்கள்.